வன்னி வளவில் கோவா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் படலையடியில் இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். "அக்கா, இந்த முறை கோவா போடலாமோ?" என்று கேட்டுப் போனவர்களே மாசியில் திரும்பி வருவார்கள். "இலை மட்டும் பலா இலை மாதிரி விரிஞ்சு நிக்குது, உருண்டையைக் காணேல்ல." இரண்டு கேள்விக்கும் பதில் கலண்டரில்தான் இருக்கிறது. இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்து வளவொன்றில் பதினொரு பெரும்போகம் கோவா வைத்து, அதில் நாலைக் கெடுத்தும் பார்த்த பிறகு எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: நாங்கள் கோவா என்பது உங்கள் முட்டைக்கோஸ், வளவு என்பது வீட்டைச் சுற்றிய காணி, பெரும்போகம் என்பது மாரிமழைப் பயிர்ப்பருவம். சிங்களத்திலும் அது கோவாதான். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்.

கோவா மலைநாட்டுப் பயிர் அல்லவா? வன்னி வெயிலில் வருமா?

வரும், ஆனால் எல்லா மாதமும் வராது. கடையில் வாங்கும் கோவாவில் பெரும்பகுதி நுவரெலியா, பதுளைப் பக்கம் விளைந்து, தம்புள்ளைச் சந்தையில் கைமாறி, ஏ9 வீதியால் எங்களிடம் வருகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் நிற்கும். கோவாவுக்குப் பிடித்ததும் 15 முதல் 20 பாகைதான். எங்களுக்கு அந்தக் குளிர் ஒருநாளும் கிடைக்காது. ஆனால் மார்கழியிலிருந்து மாசித் தொடக்கம் வரை இரவில் 21, 22 பாகைக்கு இறங்கும், விடியற்காலையில் பனி கொட்டும், வாடைக்காற்று வீசும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று கிழவிகள் போர்த்துக்கொண்டு சொல்வார்களே, அந்த இரண்டு மாதம்தான் வன்னியில் கோவாவின் காலம். வெப்பம் தாங்கும் கலப்பின விதைக்கு அவ்வளவு குளிர் போதும்.

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலும் இந்தப் பருவத்தில்தான் கோவா விளைகிறது. எங்களால் முடியாது என்பதற்குக் காரணம் இல்லை.

அப்படியானால் எப்போது விதை போட வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். உருண்டை கட்டும் நாட்கள் தைக்குள் விழ வேண்டும். நட்டு ஆறு, ஆறரை வாரத்தில் நடு இலைகள் உள்பக்கம் மடியத் தொடங்கும். அது தைப்பொங்கலுக்குக் கிட்ட நடக்க வேண்டுமென்றால் நடவு நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் வாரம். நாற்றுக்கு நாலு வாரம் வேண்டும். ஆகவே விதை ஐப்பசி நடுவில், அதாவது நவம்பர் முதல் வாரத்தில் மண்ணுக்குள் போக வேண்டும். அறுவடை பெப்ரவரி நடுப்பகுதியைச் சுற்றி வரும்.

பொங்கலன்று காலை பானை பொங்கியதும் நான் செய்யும் அடுத்த வேலை கோவாப் பாத்தியைப் போய்ப் பார்ப்பது. நடுக்குருத்துக்குள் இரண்டு இலை கைகூப்பியது போல நின்றால் அந்த வருடம் தப்பிவிட்டோம்.

ஒரு வருடம் வேலைப்பளுவில் பொங்கலுக்குப் பிறகுதான் நட்டேன். கன்று நன்றாக வளர்ந்தது. பங்குனி வெயில் பிடித்ததும் உருண்டை கட்டாமல் இலையாகவே நின்றுவிட்டது. முப்பது கன்றையும் ஆட்டுக்குப் போட்டோம். ஆடுகள் குறை சொல்லவில்லை.

நவம்பரில் எங்களுக்கு அடைமழை. நாற்று அழுகிவிடாதா?

அழுகும். வன்னியில் கோவாவின் சிக்கலே இதுதான்: குளிரைப் பிடிக்க வேண்டுமென்றால் மழைக்குள் நாற்றுப் போட வேண்டும். நாற்றைக் கூரைக்குக் கீழே வையுங்கள். மாட்டுக்கொட்டில் ஓரம், விறாந்தையின் கிழக்குப் பக்கம், நாலு தடி நட்டு மேலே வெள்ளைப் பொலித்தீன் கட்டிய பந்தல் எதுவானாலும் சரி. பொலித்தீன் வெளிச்சம் விடுவதாக இருக்க வேண்டும். கிடுகு நிழலுக்கு நல்லது, ஆனால் மழை மூட்டமான நாட்களில் கிடுகுக்குக் கீழே நாற்று வெளிச்சம் தேடி நூல் போல நீண்டு சரிந்துவிடும். ஒரு நாளில் நாலைந்து மணிநேரமாவது வெயில் படட்டும்.

தரையில் மேடை போடுவதைவிடத் தட்டில் போடுவது நல்லது. மழை பெருத்தால் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம். குழித்தட்டு இல்லாவிட்டால் யோகட் கோப்பைகளின் அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த விதை வாங்குவது?

பைக்கற்றில் வெப்பம் தாங்கும், தாழ்நாட்டுக்கு ஏற்றது என்று இருக்க வேண்டும். கே.வை. குறோஸ், ஏ.எஸ். குறோஸ், கே.கே. குறோஸ் என்று கடைகளில் சொல்லும் கலப்பினங்கள் இந்த வகை. மலைநாட்டுக்கான விதையைத் தவறி வாங்கினால் பிறகு எதைச் செய்தும் பயனில்லை.

முடியும் திகதியைப் பாருங்கள். ஒருமுறை ஒரு கடையில் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் கிடந்த பைக்கற்றை வாங்கிவந்தேன். திகதி சரியாகத்தான் இருந்தது, நூறு விதையில் பதினெட்டு முளைத்தது. சூடும் ஈரமும் விதையைக் கொன்றுவிடும். மிச்ச விதையைப் போத்தலில் இறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த பெரும்போகத்துக்கும் உதவும்.

ஒரு கிராமில் ஏறக்குறைய 250, 300 விதை இருக்கும். வீட்டுக்கு இருபது கன்று போதும். ஒரு பைக்கற்றை நாலு வீடு பிரித்துக்கொள்வதுதான் கணக்கு. விதையில் நிறம் பூசியிருந்தால் அது மருந்து. கையைக் கழுவுங்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

நாற்றுக்கு மண் எப்படித் தயார் செய்வது?

ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய கூட்டெரு, கொஞ்சம் உமிக்கரி. மண் கலவையைக் கிருமி நீக்குவது முக்கியம். ஏனெனில் முளைத்த நாற்றைத் தண்டடியில் கறுக்கவைத்துச் சாய்க்கும் பூஞ்சணம் மண்ணில்தான் இருக்கிறது. மழை தொடங்குமுன், ஆவணி, புரட்டாதி வெயிலில் கலவையை நனைத்துப் பரப்பி, நிறமற்ற பொலித்தீனால் இறுக்கி மூடி மூன்று நாலு வாரம் விட்டால் வெயிலே அவித்துவிடும். வன்னி வெயில் சும்மா கிடைக்கும்போது பயன்படுத்தாமல் விடுவானேன்? தரையில் மேடை போடுபவர்கள் வைக்கலும் உமியும் மாறி மாறி அடுக்கி எரிப்பார்கள், அதுவும் நல்ல முறை.

விதையை அரை அங்குலத்துக்கு மேல் ஆழப் புதைக்க வேண்டாம். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். பின்னேரம் நனைத்தால் இரவு முழுக்க ஈரம் நிற்கும். விதையிலைக்குப் பிறகு நாலைந்து உண்மை இலை வந்ததும் நாற்று தயார். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வெயிலைக் கூட்டி, பழக்கிவிடுங்கள்.

எங்கள் மண்ணுக்குக் கோவா சரியா?

வன்னியின் உட்பகுதிச் செம்மண் நல்ல மண். அதன் குணம் ஒன்றுதான்: காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. முதல் மழை விழுந்து பதம் வந்த நாளில் கொத்திவிட வேண்டும். வயலோரக் களியில் தண்ணீர் தேங்கும், அங்கே பாத்தியை ஓரடி உயர்த்தாமல் கோவாவை நினைக்கவே வேண்டாம். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர மணலில் தண்ணீரும் சத்தும் கீழே ஓடிவிடும், அங்கே எருவை இரட்டிப்பாகப் போடுங்கள்.

எரு என்றால் மக்கிய எரு. வன்னியில் பட்டி எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டியிலிருந்து நேரே அள்ளி வந்தால் புல் விதையும் கூடவே வரும். மூன்று மாதம் குவித்து மூடி வைத்துப் பிறகு போடுங்கள். கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். சதுர மீற்றருக்கு ஒரு வாளி எரு, மண்ணோடு கலந்து, நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்.

2018 டிசம்பர் 21, 22இல் வந்த வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களுக்கு நினைவிருக்கும். அந்த இரண்டு நாளில் எங்கள் பாத்தியில் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு கன்றுகள் பச்சையாகத்தான் நின்றன. பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். நாலாம் நாள் வெயில் எறித்ததும் எல்லாம் ஒன்றாக வாடின, பிடுங்கினால் வேர் மண்ணிறமாக அழுகி நாறியது. பக்கத்தில் பழைய கிணற்று மண் மேட்டில் விளையாட்டாக நட்ட மூன்று கன்று மட்டும் உருண்டை கட்டியது. அதற்குப் பிறகு எங்கள் பாத்தி எல்லாம் மேட்டுப் பாத்தி, சுற்றிவரத் தண்ணீர் வடியும் கான்.

எவ்வளவு இடைவெளி விட்டு நடுவது?

கன்றுக்குக் கன்று ஒன்றே கால் அடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. நெருக்கினால் உருண்டை சிறுக்கும். சிறிய குடும்பத்துக்கு அது குறையும் அல்ல. பின்னேரத்தில் நடுங்கள். கீழ் இலை மண்ணைத் தொடும் ஆழம் வரை புதைக்கலாம், குருத்துக்குள் மண் விழக்கூடாது. மறுநாள் வெயில் சுட்டால் வாழை மட்டையோ பூவரசு இலையோ குத்தி மூன்று நாள் மறைப்புக் கொடுங்கள். இருபதையும் ஒரே நாளில் நட்டால் இருபதும் ஒரே கிழமையில் முற்றும், யார் தின்பது? பத்தை நட்டு, பத்து நாள் விட்டு மிச்சத்தை நடலாம். அதற்குமேல் இழுத்தால் வெயில் பிடித்துவிடும்.

வளவு இல்லை. சாடியில் வளர்க்கலாமா?

தாராளமாக. 15 லீற்றர் பெயின்ற் வாளியைக் கழுவி அடியில் ஆறேழு ஓட்டை போட்டால் ஒரு கன்றுக்குப் போதும். உரப்பையும் சரி. வாளியைச் சீமெந்து நிலத்தில் வைத்தால் சூடு ஏறும், இரண்டு செங்கல்லுக்கு மேல் வையுங்கள். வெள்ளம் வந்தால் தூக்கி வைக்கலாம் என்பதால், பள்ளக் காணிக்காரருக்கு நான் வாளியைத்தான் சொல்வேன்.

தண்ணீர் எவ்வளவு விடுவது?

மார்கழி மழை நிற்கும்வரை உங்களுக்கு வேலையில்லை, வடியவிட்டால் போதும். தை பிறந்து வெயில் ஏறியதும் கன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர், உருண்டை பெருக்கும்போது ஒன்றரை. அளவைவிட ஒழுங்கு முக்கியம். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் நிரப்பினால் உருண்டை உள்ளிருந்து வெடிக்கும். அடியில் வைக்கலையோ வேலிக் கிளிசரியா மரத்து இலையையோ நாலு விரல் தடிப்பில் பரப்புங்கள். ஈரமும் நிற்கும், மண்ணும் குளிரும், கிளிசரியா மக்கினால் தழைச்சத்தும் சேரும். தண்டோடு ஒட்டிப் பரப்பாதீர்கள், நத்தை குடியிருக்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். பரவாயில்லையா?

கொஞ்ச உவரைக் கோவா தாங்கும். வாயில் வைத்ததும் உப்புத் தெரியும் தண்ணீர் என்றால் இலை ஓரம் கருகும், உருண்டை கல்லுப்போலச் சிறுக்கும். பூநகரிப் பக்கம், கரையோரக் கிராமங்களில் இந்தச் சிக்கல் உண்டு. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து நாற்றுக்காவது அதை வையுங்கள். இளம் பயிருக்குத்தான் உப்பு அதிகம் சுடும்.

யூரியா போடலாமா?

போடலாம். கோவா இலைப்பயிர், தழைச்சத்தை விரும்பும். நட்டு மூன்றாம் கிழமை அரைத் தேக்கரண்டி, ஆறாம் கிழமை இன்னொரு அரைத் தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். அதற்குமேல் வேண்டாம். அள்ளிப் போட்டால் இலை கொழுத்து, புழு கூடி, உருண்டை இளகி நிற்கும். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து யூரியாவைக் கண்ணால் காணாத அந்தப் பெரும்போகத்தில், கிளிசரியா இலையும் சாணமும் ஊறவைத்த தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை ஊற்றினோம். உருண்டை முக்கால் கிலோவுக்குமேல் போகவில்லை, ஆனால் எல்லாக் கன்றும் கட்டியது. வீட்டுத் தேவைக்கு அது போதும் என்பது என் எண்ணம். அடுப்புச் சாம்பலை மாதம் ஒரு பிடி வேரடியில் போட்டால் சாம்பல்சத்து வரும்.

இலையெல்லாம் சல்லடை. என்ன புழு, என்ன மருந்து?

முதலில் எது என்று பாருங்கள். இலையைப் புரட்டுங்கள். ஒரு சென்ரிமீற்றர் அளவான, மெலிந்த பச்சைப் புழு, தொட்டால் பின்பக்கமாகத் துடித்து நூலில் தொங்குகிறதா? அதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது இலையின் கீழ்த்தோலைத் தின்று மேல்தோலைக் கண்ணாடி போல விட்டுவைக்கும். உலகம் முழுவதும் கோவாக்காரரின் முதல் எதிரி இது. மருந்துக்குப் பழகிவிடுவதில் இதை வெல்ல ஆளில்லை: 1953இலேயே ஜாவாத் தீவில் டி.டி.ரி. பூச்சிமருந்துக்கு அடங்காமல் நின்ற பூச்சி. பக்கத்துத் தோட்டக்காரர் போன வருடம் அடித்த மருந்து இந்த வருடம் கேட்கவில்லை என்று சொல்வதற்குக் காரணம் போலி மருந்து மட்டுமல்ல.

கூட்டமாக ஒரே இலையில் பத்து இருபது புழு மேய்ந்து, எச்சத்தைக் குவித்து வலை பின்னியிருந்தால் அது வேறு இனம். அந்த இலையை அப்படியே கிள்ளிக் கோழிக்குப் போட்டால் வேலை முடிந்தது.

இருபது கன்றுக்கு மருந்துக் கடைக்குப் போவது வீண் வேலை. நான் செய்வது நுளம்பு (கொசு) வலை. கமுகஞ்சலாகையை வளைத்துப் பாத்திக்குமேல் குற்றி, பழைய வலையைப் போர்த்து, ஓரத்தை மண்ணால் மூடிவிடுவேன். அந்து உள்ளே வராவிட்டால் முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. கோவாவுக்குத் தேனீயும் தேவையில்லை, பூக்கவா போகிறது? நட்ட நாளிலேயே போர்த்த வேண்டும். புழு வந்த பிறகு போர்த்தினால் புழுவுக்குத்தான் பாதுகாப்பு. மருந்து ஊட்டிய நுளம்பு வலையை உணவுப் பயிருக்குப் பாவிக்க வேண்டாம்.

வலை இல்லாதவர்களுக்கு வேப்பங்கொட்டை. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, சிறு துண்டு சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். ஆறேழு நாளுக்கு ஒருமுறை. வேம்பு பழுப்பது நடு ஆண்டில், கோவா வருவது ஆண்டு முடிவில். ஆகவே விழும்போதே பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தவருக்குத்தான் கொட்டை கிடைக்கும்.

இன்னொரு பழைய உத்தி: கோவா நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன் பாத்தியைச் சுற்றிக் கடுகு தூவுவது. தாளிக்க வைத்திருக்கும் கடுகே முளைக்கும். அந்து முதலில் கடுகுக்குப் போகும். புழு நிறைந்ததும் கடுகைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். பிடுங்க மறந்தால் நீங்களே புழுப்பண்ணை வைத்த கதையாகிவிடும்.

கடை மருந்துதான் வேண்டுமென்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். அடித்தபின் எத்தனை நாள் வெட்டக்கூடாது என்று போத்தலில் இருக்கும். அதை வாசிக்காமல் அடிப்பவரின் கோவாவை நான் வாங்கமாட்டேன்.

நடுக்குருத்தே இல்லை. பக்கத்தில் நாலைந்து சின்னக் குருத்து வருகிறது. ஏன்?

குருத்துப் புழு. நட்டு இரண்டு மூன்று கிழமைக்குள் குருத்தைத் துளைத்து உள்ளே போயிருக்கும். வெளியே மெல்லிய நூலும் ஈர எச்சமும் தெரியும். தாழ்நாட்டில் வைரமுதுகைவிட இதுதான் பெரிய நட்டம், ஏனெனில் குருத்துப் போனால் உருண்டையும் போச்சு. முதல் மாதம் காலை தேநீரோடு ஒவ்வொரு குருத்தையும் எட்டிப் பாருங்கள். பிந்திக் கண்டால், பக்கக் குருத்தில் பலமானது ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். குழந்தையின் கைமுட்டி அளவில் ஒன்று கிடைக்கலாம்.

இலையடியில் சாம்பல் பூசியது போல அழுக்கணவன் (அசுவினி) மொய்த்தால் தண்ணீரைப் பீச்சி அடித்து, பிறகு சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் போதும்.

இலை ஓரத்திலிருந்து மஞ்சளாக முக்கோணம் போல உள்ளே வருகிறது

முக்கோணத்தின் கூர் நடு நரம்பை நோக்கி இருந்து, நரம்பு கறுத்திருந்தால் அது கறுப்பழுகல், பக்ரீறியா நோய். விதையோடும், மழைத்துளி தெறிப்போடும் பரவும். மருந்தில்லை. அந்தக் கன்றைப் பிடுங்கி எரியுங்கள், கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள். ஈர இலையில் கைவைத்துக் களை பிடுங்காதீர்கள், அடுத்த கன்றுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். அந்த இடத்தில் இரண்டு மூன்று வருடம் கோவா, பூக்கோவா, நோக்கோல் (நூல்கோல்), முள்ளங்கி, கடுகு எதுவும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம்.

இங்கே ஒரு இழுபறி உண்டு. மேலிருந்து தண்ணீர் அடித்தால் வைரமுதுகுப் புழு கழுவுப்பட்டுக் குறையும், கறுப்பழுகல் கூடும். அடியில் ஊற்றினால் மறுபக்கம். நான் மழை மாதத்தில் அடியிலும், தை வெயிலில் காலை நேரத்தில் மேலாலும் விடுகிறேன். பத்து மணிக்குள் இலை காய்ந்துவிடும்.

மாடு, மயில், குரங்கு?

இதற்குப் பதில் எழுதும்போதே எனக்குப் பெருமூச்சு வருகிறது. கட்டாக்காலி மாடு ஒரே இரவில் முப்பது கன்றை முடித்துவிடும். முள்ளுக்கம்பி மட்டும் போதாது, அடியில் கிடுகோ தகரமோ வைத்து அடைக்க வேண்டும். மயிலுக்கு இளம் நாற்று என்றால் உயிர், நுளம்பு வலை அதற்கும் உதவும். குரங்கு தின்பதைவிடப் பிடுங்கி எறிவது கூட. நாய் ஒன்று வளவில் நின்றால்தான் அடங்கும். யானை வரும் எல்லைக் கிராமத்தில் கோவாவை வீட்டுக்கு ஒட்டிய பாத்தியில் வையுங்கள்.

எல்லாம் செய்தேன், உருண்டை கட்டவில்லை

பெரும்பாலும் பிந்திய நடவு, அல்லது மலைநாட்டு விதை. மூன்றாவது, நிழல். முருங்கைக்கும் மாமரத்துக்கும் கீழே வைத்த கோவா இலையைப் பெருக்கி வெளிச்சம் தேடுமே தவிர மடியாது. நாலாவது, நாற்றைத் தட்டில் ஆறேழு கிழமை வைத்து முற்றவிட்டது. உருண்டை கட்டட்டும் என்று இலையைக் கயிற்றால் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கயிற்றால் கோவா கட்டாது.

எப்போது வெட்டுவது?

பெருவிரலால் அழுத்துங்கள். உள்ளே போகாமல் இறுக்கமாக இருந்தால் வெட்டலாம். நட்டதிலிருந்து 65 முதல் 80 நாள். எங்கள் உருண்டை ஒரு கிலோ வந்தால் திருப்திப்படுங்கள். நுவரெலியாக் கோவாவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். முற்றியும் வெட்ட நேரம் இல்லையென்றால், உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பிவிடுங்கள். வேரில் கொஞ்சம் அறுந்து தண்ணீர் ஏறுவது குறையும், ஒரு கிழமை வெடிக்காமல் நிற்கும்.

கீழ் இலை நாலைந்தையும் தண்டையும் விட்டு வெட்டினால், கிணற்றடி ஈரத்தில் பக்கத்தால் சின்ன உருண்டைகள் வரும். மாசி வெயில் முந்தினால் வராது. வெளி இலைகளை எறியாமல் மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் மஞ்சளும் சேர்த்து வறை வறுத்துப் பாருங்கள். கடைக் கோவாவின் வெள்ளை இலையில் அந்த மணம் இல்லை. புழு ஒளிந்திருக்கும் என்பதால் அரியுமுன் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுங்கள்.

ஒரு கன்றை விதைக்கு விடலாமா?

விட்டுப் பார்த்தேன், சித்திரை வரை. உருண்டை வெடித்து அழுகியது, பூவைக் காணவில்லை. பூப்பதற்குக் கோவா பல கிழமை 10 பாகைக்குக் கீழான குளிரை அனுபவிக்க வேண்டும், வன்னியில் அது எங்கே? கலப்பின விதை என்பதால் பூத்திருந்தாலும் தாயைப் போலப் பிள்ளை வந்திருக்காது. வருடா வருடம் பைக்கற் வாங்கத்தான் வேண்டும். கத்தரி, பயிற்றை, வெண்டி விதையை முடிச்சுக் கட்டிப் புகைமேல் தொங்கவிட்ட எங்கள் அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு தனிக்கதை.

சிறுபோகத்தில், அதாவது நடு ஆண்டுப் பயிர்ப்பருவத்தில், போடலாமா?

வேண்டாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிணறும் இறங்கியிருக்கும், வெயிலும் இலையைச் சுருட்டும். அந்தப் பாத்தியில் வெண்டியும் பயிற்றையும் போடுங்கள். விழுகிற வேப்பம்பழத்தை மட்டும் பொறுக்கி வையுங்கள், ஐப்பசிக்குப் பிறகு தேடினால் கிடைக்காது.